படம் இருக்கிறது, வரைந்தவர் யார்? நேட்டாலில் ஓர் ஓவியரின் தடம் தேடுகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பன் பக்கம் பழைய தமிழ்க் குடும்பங்களின் வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் சட்டம் போட்ட நிலக்காட்சி ஓவியங்கள் தொங்கும். கரும்புக்காடு, உம்கேனி ஆறு, டிராக்கன்ஸ்பர்க் மலை. மூலையில் ஒரு கையெழுத்து இருக்கும். யார் வரைந்தது என்று கேட்டால், "அவரா, நம்ம மாமாதான், போர்டு எழுதுவார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படி ஒருவரின் வாழ்க்கையையும் படங்களையும் தேடி எடுக்க நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. குடும்பத்தார் விரும்பாததால் அவர் பெயரை இங்கே சொல்லவில்லை. வழியை மட்டும் சொல்கிறேன். நீங்கள் தேடுபவர் தமிழராக இருக்க வேண்டும் என்பதில்லை. நேட்டாலில் வாழ்ந்த எந்தச் சிறு ஓவியருக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை ஓவியராகத் தேடாதீர்கள். சம்பளம் வாங்கி, வாடகை கட்டி, வரி கட்டி, இறந்துபோன ஒரு ஆளாகத் தேடுங்கள். அரசாங்கக் காகிதத்தில் ஓவியர் என்று எழுதப்பட்டவர்கள் மிகக் குறைவு. நேட்டால் காட்சிகளை வரைந்த கேத்கார்ட் வில்லியம் மெத்வென் டர்பன் துறைமுகத்தின் பொறியாளர். அவரைப் பற்றிய காகிதம் துறைமுகக் கோப்புகளில் குவிந்திருக்கும். ஜோஹன்னஸ்பர்க்கின் ஓவியர் மோசஸ் டிலாடி பார்க்டவுனில் ஒரு பங்களாவின் தோட்டக்காரர். நான் தேடியவர் சைன்போர்டு பெயின்டர். எனவே தொழிலையும் முகவரியையும் பிடியுங்கள். படங்கள் பின்னால் வரும்.

1. படத்தின் முதுகைப் பாருங்கள்

சுவரிலிருந்து இறக்கி, மெத்தை மேல் முகம் கீழாக வைத்து, பின்பக்கத்தை போனில் படம் எடுங்கள். முழுதாக ஒன்று, நான்கு மூலைகளும் தனித்தனியாக. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழிந்துபோன பென்சில் எழுத்தும் கண்ணில் படும்.

எனக்குக் கிடைத்த படம் ஒன்றில் பாதி கிழிந்த லேபிள் இருந்தது. சட்டம் போட்ட கடையின் பெயரில் கடைசி நான்கு எழுத்து, கீழே ஸ்மித் ஸ்ட்ரீட், ஐந்து இலக்க டெலிபோன் நம்பர். இவ்வளவு போதும். 2008-இல் டர்பன் தெருக்களின் பெயர்கள் மொத்தமாக மாறின. ஸ்மித் தெரு இன்று ஆன்டன் லெம்பேடே தெரு, வெஸ்ட் தெரு டாக்டர் பிக்ஸ்லி காசெமே தெரு, கிரே தெரு டாக்டர் யூசுஃப் தாதூ தெரு, பிரின்ஸ் எட்வர்ட் தெரு டாக்டர் கூனம் தெரு. லேபிளில் பழைய பெயர் இருந்தால் சட்டம் அதற்கு முந்தியது. நம்பரில் இலக்கம் குறையக் குறையக் காலம் பின்னால் போகும். கடை எந்த ஆண்டுகளில் அந்த முகவரியில் இருந்தது என்பதைப் பெயர், முகவரிகளைத் தொகுத்த பழைய பிராபி டைரக்டரிகளில் வருடம் வருடமாகப் புரட்டினால் ஒரு வரம்புக்குள் கொண்டுவந்துவிடலாம்.

எச்சரிக்கை: சட்டத்தின் வயது படத்தின் வயது ஆகாது. மறுபடி சட்டம் மாற்றியிருப்பார்கள். துணியா, ஹார்ட்போர்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தைத் துடைக்கிறேன் பேர்வழி என்று ஈரத்துணியையோ உருளைக்கிழங்கையோ எடுத்துவிடாதீர்கள். வார்னிஷோடு கையெழுத்தும் போய்விடும்.

2. பெரியவர்களிடம் போங்கள், ஆனால் கையில் படத்தோடு

ஆவணக் காப்பகம் எங்கும் ஓடிப்போகாது. எண்பது வயது ஆயாவுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதனால் இது முதலில்.

"அவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "நல்ல மனுஷன்" என்று மட்டும்தான் பதில் வரும். படத்தின் பிரிண்டை மடியில் வையுங்கள். "ஆயா, இந்த ஆறு எங்கே இருக்கு? அப்போ நீங்க எந்த வீட்ல இருந்தீங்க?" என்று இடத்திலிருந்து தொடங்குங்கள். மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர், ரிவர்சைடு என்று வீடு வீடாகப் பேச்சு நகரும். ஆள் தானாக அதற்குள் வந்துவிடுவார். இங்குள்ள பெரியவர்கள் பலர் ஆங்கிலத்தில்தான் சரளம். தமிழ் தாலாட்டிலும் தேவாரத்திலும் மிஞ்சியிருக்கும். அவர்களுக்கு எது வசதியோ அதில் பேசவிடுங்கள்.

அப்புறம் பிஸ்கட் டின்னைக் கேளுங்கள். எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கருமாதி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய அடையாள அட்டை, ஒரு ரசீது. கருமாதி நோட்டீஸில் இறந்த தேதி, பிள்ளைகள், மருமக்கள் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். அடுத்த கட்டத்துக்கு இந்த ஒரு தேதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. டின்னை வாங்கிப் போகாதீர்கள். அங்கேயே மேசை மேல் வைத்துப் படம் எடுத்துவிட்டு, வைத்த வரிசையிலேயே திருப்பி வையுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் அடுத்த முறை கதவு திறக்காது.

படம் வாங்கிய வீட்டையும் மறக்க வேண்டாம். மோசஸ் டிலாடியின் கதை வெளியே வந்தது அவர் வேலை பார்த்த வீட்டு முதலாளியின் பேத்தி ஒருபக்கமும், ஓவியரின் மகள் மறுபக்கமும் தேடி இருவர் கையில் இருந்ததும் ஒன்று சேர்ந்ததால்தான். 1959-இல் இறந்தவரின் படங்கள் 2015-இல் கேப்டவுன் தேசியக் கலைக்கூடத்தில் தனிக் கண்காட்சியாக வந்தன. உங்கள் ஓவியரிடம் படம் வாங்கியவர் மில் மேனேஜரோ டாக்டரோ பள்ளித் தலைமை ஆசிரியரோ, அவர் பிள்ளைகளைத் தேடுங்கள்.

3. பெயரின் எழுத்துக்கூட்டல்களை எழுதி வையுங்கள்

நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். முனுசாமி என்ற பெயரை முன்சாமி, மூனசாமி, முனிசாமி என்று குமாஸ்தா கேட்டபடி எழுதியிருப்பார். கோவிந்தன், கோவேந்தர், படையாச்சி, படையாச்சீ, நாயுடு, நாயுடூ, இவற்றுக்கு ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதம் சகஜம். அதைவிடச் சிக்கல், தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடுவது. ஒரே தாய் வயிற்று அண்ணன் பெருமாள், தம்பி பிள்ளை என்று இரண்டு குடும்பப் பெயரில் இருப்பார்கள். சிலர் கிறிஸ்தவத்துக்கு மாறியபின் ஜான், டேவிட் என்று முன்னால் சேர்த்திருப்பார்கள்.

ஓவியர்கள் வேறு தம் பெயரைச் சுருக்கிக்கொள்வார்கள். தமிழர் மட்டுமல்ல, சோஃபியாடவுனில் வாழ்ந்த நிலக்காட்சி ஓவியர் ஜான் மோல்கூடத் தன் நீண்ட ஸ்வானா குடும்பப் பெயரைச் சுருக்கித்தான் மோல் ஆனார். படத்தில் உள்ள கையெழுத்தை மட்டும் வைத்துக் காப்பகத்தில் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடாதீர்கள். எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதுங்கள். தேடிப் பார்த்தபின் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.

4. மரணக் கோப்பை எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஒருவர் சொத்து விட்டு இறந்தால் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் கோப்பு திறப்பார்கள். பழைய கோப்புகள் காப்பகத்துக்கு மாறிவிடும். அதன் முதல் தாள் மரண அறிவிப்புப் படிவம். பெயர், பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், வயது, தொழில், கடைசி முகவரி, மனைவி அல்லது மனைவிகள், பிள்ளைகள், இறந்த இடம், தேதி, விட்டுப்போனது நிலமா பொருளா என்பது வரை ஒரே தாளில் இருக்கும். கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்றும் பாருங்கள். விவரம் சொன்னவர் அவர்தான். மகன் சொன்னதென்றால் பிள்ளைகள் பெயர் சரியாக இருக்கும், பாட்டன் பெயரும் வயதும் குத்துமதிப்பு. மனைவி சொன்னதென்றால் பெரும்பாலும் வயது சரி.

முதல் தாளோடு நின்றுவிடாதீர்கள். உயில், பொருள் பட்டியல், கடைசிக் கணக்கு மூன்றையும் கேளுங்கள். "படங்கள், பல" என்று ஒற்றை வரியில் மதிப்புப் போட்டிருப்பார்கள்; பரவாயில்லை, யாருக்குப் போயிற்று என்பது உயிலில் இருக்கும். கணக்கில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வரும். சட்டம் போட்ட கடையின் முழுப் பெயர் எனக்கு அங்கேதான் கிடைத்தது. கிழிந்த லேபிளின் மிச்ச எழுத்துகள்!

தேடும் முறை: தேசியக் காப்பகத்தின் இணையத் தேடலில், என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ். என்பார்கள், முதலில் எல்லாக் காப்பகங்களையும் சேர்த்துத் தேடுங்கள். பதிவு செய்யத் தேவையில்லை, இலவசம். முடிவில் காப்பகத்தின் குறி வரும். என்.ஏ.பி. என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டி.பி.டி. என்றால் டர்பன், டி.ஏ.பி. என்றால் பிரிட்டோரியாவில் உள்ள டிரான்ஸ்வால் கோப்புகள், கே.ஏ.பி. என்றால் கேப்டவுன். அடுத்த வரியில் மூலக் குறி. நேட்டால் மரணக் கோப்புக்கு எம்.எஸ்.சி.இ., இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புக்கு ஐ.ஐ. தொகுதி எண், குறிப்பு எண், ஆண்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எண் குறைந்தாலும் காப்பகத்தில் கோப்பை எடுத்துத் தரமாட்டார்கள். இணையத்தில் தெரிவது விவர வரி மட்டுமே, கோப்பு இல்லை.

பொறி ஒன்று: டர்பனில் வாழ்ந்து டர்பனில் இறந்தவரின் பழைய கோப்பு பெரும்பாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும். நேட்டால் முழுவதற்கும் மாஸ்டர் அங்கேதான் இருந்தார். டர்பன் காப்பகத்தில் கேட்டு இல்லை என்றால் கோப்பே இல்லை என்று அர்த்தமில்லை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர், என்3 சாலை. போகும்முன் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று திறந்து, 1846 முதல் 1950 வரையிலான பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோப்புகளின் ஸ்கேனில் பாருங்கள். அங்கே கிடைத்தால் பெட்ரோலும் டோலும் மிச்சம்.

பொறி இரண்டு: சொத்தே இல்லாமல் இறந்தவருக்குக் கோப்பு இல்லாமல் போகலாம். அப்போது மரணச் சான்றிதழ்தான் கதி. உள்துறை அலுவலகத்தில் விரிவான சான்றிதழ் கேளுங்கள்; கட்டணம் 75 ராண்ட். சுருக்கச் சான்றிதழ் மலிவு, ஆனால் உங்களுக்குப் பயன்படாது. உறவைக் காட்டும் தாள்களும் உங்கள் அடையாள அட்டையின் சான்றொப்பமிட்ட நகலும் கொண்டுபோங்கள். சான்றொப்பமும் சத்தியப் பிரமாணமும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் இலவசம். அதற்குக் காசு கேட்பவரை நம்பாதீர்கள். பழைய பதிவு என்றால் மாதக்கணக்கில் ஆகும். ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தை இரண்டு முறை தொலைத்தார்கள். ரசீது எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததால்தான் மறுபடி வரிசையில் நிற்காமல் தப்பித்தேன்.

காப்பகத்துக்குப் போகும் நாள்: பென்சில், வெள்ளைத் தாள், சார்ஜ் ஏறிய போன், அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட். பேனாவும் பையும் உள்ளே விடமாட்டார்கள். படிக்கக் கட்டணம் இல்லை, நகலுக்கு உண்டு. ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுக்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். காலையில் போங்கள், கோப்பு மேலே வர நேரமாகும், மதியம் கேட்டால் நாளை வா என்பார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நாடே லீவில் இருக்கும், அப்போது எந்த விண்ணப்பமும் நகராது.

5. கப்பல் பட்டியல்

ஓவியரின் பாட்டனோ தகப்பனோ ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்றால் மட்டும் இது தேவை. 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேரின் விவரம் கப்பல் பட்டியல்களில் இருக்கிறது. ஊர், தாலுகா, ஜாதி, வயது, உடல் அடையாளம், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்பது வரை. ஒவ்வொருவருக்கும் கொடுத்த கூலி எண் தெரிந்தால் சுலபம். பிள்ளைகளின் பழைய பிறப்புப் பதிவில் தகப்பனின் எண் எழுதியிருக்கும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையத்தில் விசாரியுங்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு என்று மாவட்டப் பெயர் வந்ததும் மயங்கி தமிழ்நாட்டுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். நீங்கள் தேடுவது ஓவியரை.

6. பத்திரிகைகள்

மூன்று தேதிகளைச் சுற்றித் தேடினால் போதும்: இறந்த வாரம், கண்காட்சி நடந்த மாதம், பள்ளி அல்லது கோயில் திறப்பு விழா. மொத்தமாகப் புரட்டக் கிளம்பினால் மைக்ரோஃபிலிம் கண்ணைக் கெடுத்துவிடும்.

'இந்தியன் ஒப்பீனியன்' 1903-இல் தொடங்கி 1961-இல் நின்றது. முதல் சில ஆண்டுகள் தமிழ்ப் பகுதியும் வந்தது. 1914 வரையிலான இதழ்களை காந்தி ஹெரிட்டேஜ் போர்ட்டலில் இலவசமாகப் பார்க்கலாம். பி.எஸ். அய்யர் 1908-இல் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' ஆங்கிலமும் தமிழும் கலந்தது. பிற்காலத்துக்கு 'லீடர்', 'கிராஃபிக்', 'போஸ்ட்'. வெள்ளையர் ஓவியர்களுக்கு 'நேட்டால் மெர்குரி', 'நேட்டால் விட்னஸ்'. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பெஸ்ஸி ஹெட் நூலகத்தில் பழைய பத்திரிகைத் தொகுதிகள் இருக்கின்றன. காப்பகத்துக்குப் போகும் அதே நாளில் இதையும் முடித்துவிடலாம், இரண்டும் அதே ஊர்தான்.

நினைவு அஞ்சலி விளம்பரங்களை விடாதீர்கள். நம்மவர்கள் ஆண்டுதோறும் திதியை ஒட்டிப் போட்டோவோடு போடுவார்கள். போட்டோ வேறெங்கும் கிடைக்காதபோது அதுவே கிடைக்கும் ஒரே முகம்.

7. கலைக்கூடங்களும் ஏலக் கடைகளும்

இப்போதுதான் படங்களைத் தேடும் நேரம். டர்பன் கலைக்கூடம் சிட்டி ஹாலின் மாடியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டேதம் கலைக்கூடம், டர்பனின் பெரியா குன்றில் கில்லி காம்ப்பெல் தொகுப்பு. ஜெரார்டு பெங்குவின் நீர்வண்ணப் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கில்லி காம்ப்பெலுக்குப் போங்கள். மருத்துவமனைகளும் மிஷன் பள்ளிகளும் வளர்த்த ஓவியர்களின் வேலை எப்படி ஒரு தொகுப்பில் சேர்கிறது என்பது புரியும். எங்கே போனாலும் முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி நாள் வாங்குங்கள். சுவரில் தொங்குவது கையிருப்பில் சிறு பங்கு. "இவர் படம் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் இல்லை என்று வரும். பெயரின் எழுத்துக்கூட்டல்கள், ஆண்டு வரம்பு, கையெழுத்தின் போட்டோ மூன்றையும் இணைத்து, "பெயர் தெரியாத ஓவியர் என்ற தலைப்பில் இருப்பதையும் பார்க்க முடியுமா" என்று கேளுங்கள். அந்தக் கடைசி வரிதான் வேலை செய்யும்.

1905-இல் தொடங்கிய நேட்டால் ஓவியர் சங்கத்தின் பழைய கண்காட்சிப் பட்டியல்களையும் கேட்டுப் பாருங்கள். நம் ஓவியர்கள் அவற்றில் அரிது. அந்தக் காலத்துக் கண்காட்சிக் கதவுகள் யாருக்குத் திறந்தன என்பது தெரிந்ததுதான். எனவே அங்கே பெயர் இல்லாததை வைத்து அவர் தரத்தை எடை போடாதீர்கள்.

ஸ்ட்ராஸ், ஸ்டீபன் வெல்ஸ், ஃபிஃப்த் அவென்யூ போன்ற ஏல நிறுவனங்கள் பழைய ஏல முடிவுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. பார்க்கக் காசில்லை. படத்தின் அளவு, கையெழுத்து எந்த மூலையில், விலை எல்லாம் இருக்கும். உங்கள் ஓவியர் பெயரில் ஒரு படம் ஏலத்தில் வருவதைப் பார்த்தால் வாங்க ஓடாதீர்கள். நல்ல தெளிவுப் படம் இறக்கிக்கொள்ளுங்கள், விற்பவருக்கு ஒரு கடிதத்தைச் சேர்த்துவிடும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். வாங்குவதென்றால் சுத்தியல் விலையோடு, அதாவது ஏலம் முடிந்த விலையோடு, கமிஷனும் வாட் வரியும் சேரும் என்பதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

8. எங்கே நின்று வரைந்தார்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. செலவும் குறைவு. நிலம் தேதி சொல்லும். இனாண்டா அணை கட்டி முடிந்தது 1989-இல். ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கில் ஏரி தெரியாத படம் அதற்கு முந்தியதாக இருக்கலாம், அல்லது ஓவியர் ஏரி தெரியாத மேட்டில் நின்றிருக்கலாம். இரண்டாவதை ஒதுக்க நேரில் போய் நிற்க வேண்டும். மில் புகைபோக்கி, பாலம், ரயில் பாதை, மின்கம்பம் எல்லாம் இப்படியே உதவும். கரும்பு பூத்திருந்தால் குளிர்காலம். கற்றாழை சிவந்திருந்தாலும் அதேதான்.

கேப்டவுன் மௌப்ரேயில் உள்ள அரசின் தேசிய நில அளவைப் பிரிவில் பழைய வான்வழிப் படங்கள் 1930-கள் தொட்டு இருக்கின்றன. இடத்தைக் குறித்து மின்னஞ்சல் போட்டால் டிஜிட்டல் நகல் கட்டணமில்லாமல் அனுப்புவார்கள். இனத்துக்கு ஓரிடம் என்று பிரித்த குழு வாரியான குடியிருப்புச் சட்டத்தில் இடித்துத் தள்ளப்பட்ட பகுதிகளுக்கு இதுதான் ஒரே கண். மேகசின் பாரக்ஸை இன்றைய கூகுள் வரைபடத்தில் தேடிப் பயனில்லை. அங்கிருந்தவர்கள் 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். ஓவியரின் முகவரி திடீரென்று மாறினால் இந்தக் காரணத்தை முதலில் நினையுங்கள்.

தனியாகக் கேமராவோடு ஆற்றங்கரையில் போய் நிற்க வேண்டாம். அந்தப் பக்கத்து ஆள் ஒருவரோடு, பகலில் போங்கள்.

9. அச்சில் போடும் முன், வெளிநாட்டுக்கு எடுத்துப் போகும் முன்

தென்னாப்பிரிக்காவில் ஓவியத்தின் காப்புரிமை, ஓவியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள். டிலாடியின் படங்களுக்கு அது 2009-இன் முடிவில் தீர்ந்தது. 1957-இல் இறந்த நிலக்காட்சி ஓவியர் பியர்னீஃபுக்கு 2007-இன் முடிவில். 1990-இல் இறந்த பெங்குவுக்கு 2040 முடியும் வரை இருக்கிறது. படம் யார் சுவரில் தொங்குகிறதோ அவருக்கு உரிமை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வாரிசுகளுக்குத்தான். நான்காம் கட்டத்து உயில் இங்கே மறுபடி வேலைக்கு வரும். வாரிசுகளின் சம்மதத்தை வாட்ஸாப்பில் வாங்காமல், எந்தப் படம், எதற்கு, எத்தனை காலத்துக்கு என்று எழுதிக் கையெழுத்தாக வாங்குங்கள்.

சென்னையில் இருக்கும் உறவினருக்கு என்று பழைய படத்தைச் சூட்கேஸில் வைக்கும் எண்ணம் இருந்தால், 1999-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் தேசிய மரபுவளச் சட்டத்தை நினைவில் வையுங்கள். 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மறைந்த ஓவியர்களின் படைப்புகளுக்கு ஏற்றுமதி அனுமதி தேவைப்படலாம். அனுமதி தருவது மரபுவள அமைப்பான சாரா. விண்ணப்பத்தோடு படத்தின் முன்பக்க, பின்பக்கப் போட்டோ, அளவு, உடைமையைக் காட்டும் தாள் எல்லாம் கேட்பார்கள், முடிவு வர வாரங்கள் ஆகும். டிக்கெட் எடுக்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

செலவு என்று பார்த்தால் கையைக் கடிப்பது போக்குவரத்தும் நகலும்தான். காசு கொடுத்து ஆராய்ச்சியாளரை வைப்பதென்றால் முழு வேலையையும் கொடுக்காதீர்கள். கோப்பு எண்ணை நீங்களே கண்டுபிடித்து, அந்த ஒரு கோப்பைப் படம் எடுத்துத் தரும் வேலையை மட்டும் கொடுங்கள். கல்லறைப் போட்டோக்களை இலவசமாக வைத்திருக்கும் மரபுவழி ஆய்வுச் சங்கத்தின் இ.ஜி.ஜி.எஸ்.ஏ. தளத்தில் இதற்கான சேவையும் உண்டு. இந்துக்கள் பெரும்பாலும் எரியூட்டப்பட்டவர்கள் என்பதால் கல்லறை கிடைக்காது. கிளேர் எஸ்டேட் மயானத்தின் பதிவேட்டைக் கேளுங்கள், இறந்த தேதியைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள்.